ஈரக் காற்றும் நாலு நரம்பும்

ப, ஸ, க, த

யுகுலேலேயின் நான்கு நரம்புகளையும் இடது விரல் எதுவும் படாமல் ஒருமுறை வருடினால் ப, ஸ, க, த என்று கேட்கும். மேற்கத்தியர் ஜி, சி, ஈ, ஏ என்று எழுதுவது இதைத்தான். சி-யை ஆதார ஷட்ஜமமாக வைத்துக்கொண்டால் பஞ்சமம், ஷட்ஜமம், அந்தர காந்தாரம், சதுச்ருதி தைவதம் ஆகிய நான்கும் வெறும் நரம்பிலேயே கிடைத்துவிடுகின்றன. மோகனத்துக்குக் குறைவது ரிஷபம் ஒன்றுதான். அது ஷட்ஜம நரம்பின் இரண்டாம் மெட்டில் இருக்கிறது.

கையை அசைக்காமல் காதை மட்டும் நகர்த்திப் பார்க்கலாம். தைவதமாக இருந்த நரம்பை ஷட்ஜமம் என்று மனத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டால் அதே நான்கு ஒலிகளும் ஸ, க, ப, நி ஆகி, சுத்த தன்யாசி பக்கம் சாய்கின்றன. நரம்பு மாறவில்லை, சுருதியும் மாறவில்லை. கேட்பவர் நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. கிரக பேதம் என்று மேடையில் வித்வான்கள் செய்து காட்டுவதை இந்தச் சின்ன வாத்தியம் கற்றுக்குட்டிக்கும் தந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்கிறேன். முதலில் விரலில் படும் பஞ்சமம் ஷட்ஜமத்துக்குக் கீழே இல்லை, மேலே இருக்கிறது. நரம்புகள் தாழ்விலிருந்து உயர்வுக்கு வரிசையாக ஏறுவதில்லை. தம்புராவிலும் அப்படித்தான். பஞ்சமத்தில் தொடங்கி, இரண்டு ஷட்ஜமங்களுக்கு ஏறி, கடைசி நரம்பில் மந்தர ஷட்ஜமத்துக்கு இறங்கிவிடும். நேராக ஏறிப்போகாத வரிசை கேட்பவரைத் தொடங்கிய இடத்துக்கே அழைத்து வருகிறது. ஒரே மீட்டலைத் திரும்பத் திரும்பக் கேட்டும் சலிக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சீக்கிரம் அடங்கும் ஒலி

சொப்ரானோ எனப்படும் சிறிய யுகுலேலே தலை முதல் அடி வரை சுமார் 21 அங்குலம். அதில் நரம்பு அதிரும் நீளம் 13 அங்குலத்தை ஒட்டி இருக்கும். மீட்டியதும் ஒலி எழுகிறது, உடனே அடங்கத் தொடங்கிவிடுகிறது.

வீணையில் ஒரு மீட்டின் நாதத்திலேயே தந்தியை இழுத்து அடுத்த சுரத்தையும் அதற்கடுத்ததையும் எடுத்துவிடலாம். நைலான் நரம்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. உலோகத் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி சட்டென்று ஏறும். நைலானோ இளகிக் கொடுக்கும், கொஞ்சமே ஏறும். கமகத்தைத் தேடிப் போகிறவர் இங்கே ஏமாந்து திரும்பலாம்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 1969-ல் பாலகொல்லில் பிறந்து 2014-ல் சென்னையில் மறைந்தவர். அவர் கைக்கு வந்தது இரண்டிரண்டாக எட்டுக் கம்பிகள் பூட்டிய ஐரோப்பிய வாத்தியம். ஜோடிக் கம்பிகள் இரண்டையும் ஒரே அளவில் இழுத்துக் கமகம் காட்டுவது கடினம். அவர் மின் மாண்டலினில் ஐந்து ஒற்றைக் கம்பிகளைப் பூட்டிக்கொண்டார். கம்பி விரலுக்கு இசைந்தது. மின்சாரம் நாதத்தை நீட்டிக் கொடுத்தது. பாட்டுக்காக அவர் வாத்தியத்தையே மாற்றினார்.

நான் வேறு திசையில் தேடினேன். வாத்தியம் இருந்தபடி இருக்கட்டும், அதற்குப் பொருந்தும் பாட்டு எது? முத்துசுவாமி தீக்ஷிதரின் நோட்டுஸ்வரங்களில் விடை கிடைத்தது. இளம் வயதில் மணலியில் இருந்த காலத்தில் அவர் கேட்ட ஐரோப்பிய இசை, சங்கராபரணத்தின் நேர் சுரங்களில் சமஸ்கிருத சாகித்யங்களாக ஆனது. அவற்றுக்குக் கமகம் தேவையில்லை. 'சியாமளே மீனாக்ஷி' யுகுலேலேயில் எந்தக் குறையும் இல்லாமல் உட்காருகிறது. ஒவ்வொரு சுரமும் தனித்து எழுந்து தனித்து அடங்குகிறது. அடங்குவதற்கும் அடுத்தது எழுவதற்கும் நடுவே உள்ள நொடியில் காது விழித்துக்கொள்கிறது. நீண்டு ஒலிக்கும் வாத்தியம் அந்த நொடியை நிரப்பிவிடும். சிறிய வாத்தியம் அதை நம்மிடம் விட்டுவிடுகிறது.

ஈரம்

மர வாத்தியங்கள் இருக்கும் அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பார்கள். கொச்சியில் நான் இருக்கும் கொச்சங்காடிக்கு ஒரு பக்கம் காயல், சற்றுத் தள்ளிக் கடல். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஈரப்பதம் 80-க்கு மேலேயே நிற்கும். பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளில் சுக்கையும் மிளகையும் காப்பாற்ற ஆட்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

மரம் ஈரத்தை உறிஞ்சி, ரேகைக்குக் குறுக்காக உப்பும். மேல்பலகை மெல்லப் புடைக்கும். அதன் மேல் ஒட்டியிருக்கும் குதிரை உயரும். நரம்பு மெட்டைவிட்டு எழும்பி, விரல் அதிகம் அழுத்த வேண்டிவரும். நாதம் மங்கும். மரப் பிரடைகள் துளைக்குள் இறுகித் திருப்ப வராமல் போகும். கோடையில் அவையே பிடி தளர்ந்து வழுக்கும். உப்புக் காற்று மாண்டலின் கம்பிகளைச் சில வாரங்களில் பழுப்பாக்கிவிடும். ஒட்டுப்பலகையில் செய்த மலிவான யுகுலேலேக்கள் இதையெல்லாம் ஓரளவு தாங்கும். முழுப்பலகையில் இழைத்த நல்ல வாத்தியம்தான் முதலில் வாடும். நாதத்துக்காக மெலிதாக இழைத்த பலகை ஈரத்துக்கும் அவ்வளவே இணங்குகிறது.

மழை மாதங்களில் நான் அதிகம் எடுப்பது ஒரு பிளாஸ்டிக் யுகுலேலேயை. கிடார் வடிவமைப்பில் பெயர் பெற்ற மரியோ மக்காஃபெரி 1949-ல் ஐலண்டர் என்ற பிளாஸ்டிக் யுகுலேலேயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். லட்சக்கணக்கில் விற்றது. என்னிடம் இருப்பது அந்த வழியில் பின்னால் வந்த ஒன்று. அதற்கு ஆடியும் ஒன்றுதான், மாசியும் ஒன்றுதான்.

மற்றவற்றுக்கு நாள் தவறாமல் சுருதி சேர்க்க வேண்டும். முறை எளிது. நரம்பை வேண்டிய சுருதிக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பிரடையில் எஞ்சும் தளர்வு பிறகு மெதுவாக வெளிப்பட்டு, வாசிக்கும்போதே சுருதியைக் கீழே இழுத்துவிடும். இறங்கி ஏறினால்தான் நிற்கும். இந்த ஊரில் சுருதி என்பது ஒருமுறை சேர்த்து வைத்துவிடும் காரியம் அல்ல, காலைக் கடன்.

கப்பல் ஏறியவை

1879 மே 14 அன்று லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவில் ஏற்றிய ஒப்பந்தக் கூலிகளோடு பிஜித் தீவை அடைந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் மதேரா தீவின் போர்ச்சுகீசியத் தொழிலாளர்களோடு ஹொனலுலுவை அடைந்தது. இரண்டும் பசிபிக்கின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோன கப்பல்கள். பிஜிக்குத் தமிழர்கள் 1903 முதல் போனார்கள். அந்தத் தோட்டத்துப் பெண்களின் துயரத்தைப் பாரதி பாடியது நமக்குத் தெரியும்.

ரேவன்ஸ்கிராக்கில் மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்று மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். தோட்ட வேலைக்குப் பின் ஹொனலுலுவில் பட்டறை போட்டார்கள். தங்கள் ஊரின் மச்செட்டே என்ற நாலு நரம்பு வாத்தியத்தின் உருவத்தையும், ரஜாவோ என்ற ஐந்து நரம்பு வாத்தியத்தின் சுருதி முறையையும் சேர்த்து, ஹவாய்த் தீவின் கோவா மரத்தில் இழைத்தார்கள். யுகுலேலே பிறந்தது. காலாகவுவா அரசர் அதை விரும்பி அரண்மனை ஆடல்பாடல்களில் சேர்த்தார். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கேட்ட அமெரிக்கர்கள் அதை வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். இன்று ஹவாயில் மாமரத்திலும் யுகுலேலே செய்கிறார்கள். அந்த மரமும் அங்கே கடல் கடந்து வந்ததுதான்.

கூலியாகப் போகிறவருக்குக் கப்பலில் கிடைக்கும் இடம் ஒரு மூட்டைக்குத்தான். வீணையோ பியானோவோ அதில் அடங்காது. மூட்டைக்குள் அடங்குவது எதுவோ அதுவே கடலைக் கடந்தது. இந்த வாத்தியங்கள் சிறிதாக இருப்பதை அழகு என்று மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை. இருந்த இடத்தின் அளவுக்கு மனிதர்கள் தங்கள் பாட்டைச் சுருக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

துகு

போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் 1641-ல் மலாக்காவையும் 1663-ல் கொச்சியையும் பிடித்தார்கள். அதே டச்சுக்காரர்கள் அப்போது ஆண்ட ஜகார்த்தாவின் வடக்கே துகு என்றொரு ஊர். 1661-ல் அங்கே குடியேறியவர்களின் முன்னோர்களில் வங்காளம், சோழமண்டலக் கரை, மலபார் என்று போர்ச்சுகீசியர் ஆண்ட கரைகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் இருந்தார்கள். போர்ச்சுகீசியக் கலப்பு மொழி பேசினார்கள். சிறு கிடார் போன்ற வாத்தியங்களைத் தாங்களே குடைந்து செய்தார்கள். இந்தோனேசியா முழுவதும் பரவிய குரோஞ்சோங் இசையின் பழைய வேர் அந்த ஊரில் இருக்கிறது.

குரோஞ்சோங்கில் யுகுலேலே உருவத்தில் இரண்டு வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும். ஒன்று நைலான் நரம்பு, மற்றது உலோகக் கம்பி. ஒன்று தாளத்தில் விழும் இடத்தை மற்றது விட்டுக்கொடுத்து இடையில் விழும். தனித்தனியே கேட்டால் இரண்டும் பாதிப் பாதி. சேர்த்துக் கேட்டால் ஓடும் நீர்.

கொச்சியிலும் ஒரு போர்ச்சுகீசியக் கலப்பு மொழி இருந்தது. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் வில்லியம் ரொசாரியோ 2010-ல் மறைந்தார். துகுவில் பேச்சு ஓய்ந்த பிறகும் பாட்டு இருக்கிறது. நரம்பைத் தொடும் கை ஒன்று அங்கே ஓயாமல் இருந்ததால் அது நின்றது.

கல்லும் நோட்டும்

இந்தக் கொச்சங்காடியில் 1344-ல் ஒரு யூத ஜெபாலயம் கட்டினார்கள். கட்டடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் யூதத் தெருவின் பரதேசி ஜெபாலய மதிலில் பதித்திருக்கிறது. அதன் எதிரில் நிற்கும்போதெல்லாம் வேறொன்று நினைவுக்கு வருகிறது. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளப் பாட்டுகள் பாடினார்கள். பாட்டுகளைக் கையால் எழுதிய நோட்டுகளில் வைத்திருந்தார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனபோது நோட்டுகளும் போயின. ஸ்கரியா சக்கரியாவும் பார்பரா ஜான்சனும் பின்னால் அவற்றைத் திரட்டி ஆராய்ந்தார்கள்.

கல் இடம் மாறி வேறொரு மதிலில் பத்திரமாக இருக்கிறது. பாட்டோ யாராவது பாடினால்தான் இருக்கும். வாத்தியம் சேர்ப்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது. நான் வைத்திருப்பவற்றில் கல் எது, நோட்டு எது?

புல்புல்தாரா

எங்கள் சந்தில் ஒரு முதியவர் புல்புல்தாரா வாசிக்கிறார். மட்டாஞ்சேரி கல்யாண வீடுகளில் பாடிப் பெயர் பெற்ற மெஹபூப் பாயின் பாட்டுகளை அவர் இதில் எடுக்கும்போது தெருவில் நடப்பவர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள். இந்தப் பக்கம் கஜல் என்றால் உம்பாயி, பழைய பாட்டு என்றால் மெஹபூப். அதற்கு விளக்கம் தேவையில்லை.

புல்புல்தாராவும் கப்பலில் வந்ததுதான். 1912-ல் ஜப்பானின் நகோயாவில் மொரிட்டா கோரோ என்பவர் தைஷோகோட்டோ என்ற வாத்தியத்தைச் செய்தார். தட்டச்சுப் பொறியில் இருப்பதுபோல் வட்டக் கட்டைகள். கட்டையை இடது கை அழுத்தினால் அது கீழே இருக்கும் கம்பியை மெட்டாக நின்று பிடிக்கும். வலது கை மீட்டும். விரலால் கம்பியைத் தேடும் பயிற்சி இல்லாதவரும் சுரம் தவறாமல் வாசிக்கலாம். இந்தியத் துறைமுகங்களில் இறங்கி, பெயர் மாறி, கவ்வாலிக்கும் மாப்பிளப் பாட்டுக்கும் துணையாக நின்றது.

கட்டை சுரத்தைத் தரும், ஆனால் கம்பியின் சுருதியை அது சேர்த்துத் தராது. கம்பிகள் ஒவ்வொன்றையும் முறுக்கி ஒன்றோடு ஒன்று இணைக்க வேண்டும். அவர் அதைக் கருவி எதுவும் இல்லாமல் செய்கிறார். "இக்கா, ட்யூனர் ஒன்று வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு மோனே? தினம் தொட்டா கம்பி தானே சொல்லும். தொடாத கம்பிக்குத்தான் துரு. துருவுக்கு எண்ணெய் போடலாம், பாட்டு எங்கேந்து வரும்?"

காந்தாரம்

தம்புராவின் மந்தர ஷட்ஜமத்தை மீட்டிவிட்டு, பேசாமல் கேட்டால் அதற்குள்ளிருந்து ஒரு காந்தாரம் எழும். யாரும் மீட்டாத சுரம். தந்தி முழுதாக அதிரும்போதே ஐந்து பாகமாகவும் அதிர்வதால் பிறப்பது. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று பிரித்தால், இந்தத் தானே பிறந்த காந்தாரம் ஷட்ஜமத்திலிருந்து 386 சென்ட் உயரத்தில் அமைகிறது. யுகுலேலேயின் மெட்டுகளோ பன்னிரண்டு சம பாகங்களாக அடித்தவை. அவற்றின் காந்தாரம் 400-ல் இருக்கிறது. 14 சென்ட் கூடுதல். தைவதத்தில் வித்தியாசம் 16 சென்ட். பஞ்சமம் மட்டும் இரண்டு கணக்கிலும் ஏறக்குறைய ஒன்றே.

ட்யூனரின் பச்சை விளக்கு 400-ல்தான் எரியும். தம்புராவோடு சேர்த்து வாசிக்கும்போது நான் காந்தார நரம்பைக் கொஞ்சம் இறக்கி, தம்புராவுக்குள் கேட்கும் காந்தாரத்தோடு கலக்கவிடுகிறேன். இரண்டும் உரசும்போது எழும் மெல்லிய அலை மெதுவாகி, நீண்டு, ஒரு கட்டத்தில் காணாமல் போகும். அதுதான் அடையாளம். கார்டு பிடித்து வாசிக்கப்போகிறேன் என்றால் நரம்பை மறுபடி சம அளவுக்கு ஏற்றுகிறேன், இல்லாவிட்டால் மற்ற மெட்டுகள் முரண்படும். இரண்டும் சரிதான். எதனோடு சேர்வதற்காக என்று முதலில் தெரிய வேண்டும். யாரோடு என்று கேட்காமல் சுருதி என்ற ஒன்றே கிடையாது.

சேர்க்காதவை

சிறிய நரம்பு வாத்தியங்கள் கேரளத்திலும் உண்டு. களமெழுத்துப் பாட்டில் மீட்டும் நந்துணி, சர்ப்பக்காவில் புள்ளுவர் வில்லால் வாசிக்கும் ஒற்றை நரம்புப் புள்ளுவன் வீணை. இரண்டும் என் வீட்டில் இல்லை. வாங்க நினைத்து விலகினேன். புள்ளுவன் வீணையின் சுருதி பாடுகிறவரின் குரலோடு சேர்வது. களமும் குடமும் நாகப்பாட்டும் இல்லாத அலமாரியில் அது யாரோடு சேரும்? அதைக் கேட்க வேண்டுமானால் காவுக்குப் போக வேண்டும். போகிறேன்.

அளவு

சேர்க்கும் ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அன்னாசி வடிவில் இடுப்பில்லாத யுகுலேலே ஏன் உருண்டையாக ஒலிக்கிறது என்பதைக் கையில் எடுத்தால்தான் அறியலாம். 1916-ல் ஹொனலுலுவில் பட்டறை தொடங்கிய சாமுவேல் கமாகா அதை வடிவமைத்து 1928-ல் காப்புரிமை பெற்றார். மீன்பிடி நைலான் இழைகள் எட்டைப் பூட்டி, கட்டையைக் குடைந்து செய்யும் தஹித்தி யுகுலேலேயின் கூர்மை வேறு. ஐந்து ஜோடி நரம்புகளோடு ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த சரங்கோவின் சலசலப்பு வேறு. ஒவ்வொன்றும் காதுக்கு ஒரு கதவைத் திறந்தது. அவற்றைத் தேடிய நாட்கள் வீணல்ல.

ஆனால் இந்த ஈரக் காற்றில் திறந்த கதவு தானே சாத்திக்கொள்கிறது. ஒரு வாரம் எடுக்காத வாத்தியம் சுருதி இறங்கிக் கிடக்கிறது. ஒரு மழைக்காலம் எடுக்காதது பூசணம் பூக்கிறது. ஆகவே ஓர் அளவு வைத்துக்கொண்டேன். ஒரு காலையில் எத்தனை வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டாவது வாசிக்க முடியுமோ, அத்தனை போதும். மிஞ்சியவை அவற்றை வாசிக்கக்கூடியவர்களிடம் போக வேண்டும். மாண்டலினைக் கோயில் பஜனையில் வாசிக்கும் ஒருவர் வாங்கிப் போனார். சரங்கோ கிடார் பழகும் ஒரு கல்லூரி மாணவரிடம் இருக்கிறது.

கொடுக்கும்போது ஒன்றைத்தான் கேட்கிறேன். நாள்தோறும் சுருதி சேருங்கள். பாட்டு வராவிட்டாலும் பரவாயில்லை, சுருதி மட்டும் சேருங்கள். சேர்த்துக்கொண்டே இருப்பவருக்கு ஒரு நாள் பாட்டும் வரும். சேர்க்காதவரிடம் எவ்வளவு அரிய வாத்தியமும் மரச்சாமான்தான்.